அம்மாவின் பரணிலிருந்து இறங்கிய மூன்று சாக்கு கேரி பேக்

2023 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். உறையூரில் அம்மா முப்பது வருடமாக வாடகைக்கு இருந்த வீட்டை நான் தனியாகக் காலி செய்தேன். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் முடிந்து, கரூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. பித்தளை அண்டா, அப்பாவின் டைரிகள், உடைந்த கிரைண்டர் எல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாதது, பரணின் கடைசி மூலையில் இருந்த மூன்று கோணிச் சாக்குகள். கீழே இறக்கி வாயைப் பிரித்தால் அத்தனையும் பிளாஸ்டிக் பைகள். ஜவுளிக்கடை கவர், மளிகைக்கடை கேரி பேக், மருந்துக்கடையின் சின்னக் கவர், கழுவிக் காயவைத்த பால் கவர். பாதிக்கு மேல் சமோசா மாதிரி முக்கோணமாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "குப்பை வண்டி வந்தா போட்டுட்டு வந்துரும்மா, இதுக்கெல்லாம் யோசிக்காதே" என்றார். என்னால் முடியவில்லை. ஒரு பையை அப்படி மடிக்க ஒரு நிமிடமாவது ஆகும். அம்மா ராத்திரிச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்று சாக்கையும் ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றையும் வீணாக்காமல் ஏதாவது ஒரு விதத்தில் பயன்படுத்திவிட வேண்டும் என்று வைராக்கியம். எந்தப் பை எதற்கு ஆகும் என்று முதலில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எட்டு மாதமும் ஒரு பட்டுப்புடவையும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, சாக்கை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தது. இரண்டாம் நாளே சமையலறையில் கரப்பான். பைகளின் மடிப்புக்குள் கரப்பான் முட்டைக் கூடுகளும் பல்லி எச்சமும் இருந்திருக்கின்றன. பழைய பைகளை எடுத்தால் எடுத்த இடத்திலேயே, வெட்டவெளியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு உதறிப் பிரித்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கறி, மீன் வாடையும் இருப்பவற்றை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகாது. நான் மொட்டை மாடியில் தொட்டியில் சோப்புத் தண்ணீர் கலந்து, அலசி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். உள்பக்கம் ஈரம் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின.

கழுவும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. சில பைகள் கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கின. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1. அம்மா சேர்த்ததில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை, அதாவது குறைந்தது நாலு வருடத்துக்கு மேல் பழசு, அதுவும் வெயில் இறங்கும் கூரைக்கு அடியில். சில பைகளில் 'மக்கும் பை' என்று அச்சடித்திருந்தது. அந்தக் காலத்தில் அப்படி வந்த பல பைகள் சாதாரண பாலித்தீனில் ஒரு ரசாயனத்தைக் கலந்து செய்தவை. வெயிலும் சூடும் பட்டால் துகள் துகளாக உடையும். உடைவதும் மக்குவதும் ஒன்றல்ல. பை கண்ணுக்குத் தெரியாமல் போகும், பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். ஆகவே எதற்கும் பயன்படுத்துவதற்கு முன்னால் இரண்டு கையாலும் பையை இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி கொஞ்சமாவது நீண்டால் உயிர் இருக்கிறது. இழுத்த உடனே கிழிந்தாலோ, விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினாலோ அந்தப் பையை எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன், எவ்வளவு எடை இருக்கிறது என்று பார்க்கத்தான். பதினோரு கிலோ. கடைக்காரப் பெரியவர் ஒவ்வொரு பையாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் கசக்கினார். "சத்தத்தைக் கேளும்மா" என்றார். எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. மெல்லிசாக, சலசலவென்று சத்தம் போடும் மளிகைக்கடை கேரி பேக் ஒரு ஜாதி. கொஞ்சம் தடிமனாக, மெத்தென்று, கசக்கினால் அதிகம் சத்தம் வராத ஜவுளிக்கடை கவரும் பால் கவரும் இன்னொரு ஜாதி. கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்து, மொறமொறவென்று சத்தம் போட்டு, ஒரு கீறல் விழுந்தால் நேர்க்கோட்டில் கிழியும் சட்டை கவர், பருப்பு கவர் மூன்றாவது ஜாதி. துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பை, பார்க்கத்தான் துணி, அதுவும் இந்த மூன்றாவது ஜாதிப் பிளாஸ்டிக்தான். அவர் பால் கவரையும் மெத்தென்ற கவரையும் மட்டும் விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சலசல பைக்கு எடையே நிற்காது, யாரும் வாங்குவதில்லை என்றார். பால் கவரை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியே இருக்கும்படி பாதி வெட்டச் சொன்னார். அந்தச் சின்னத் துண்டுதான் பொறுக்க முடியாமல் சாக்கடைக்குப் போகிறதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பால் கவரை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைத் திருப்பிக் கொண்டுவந்தேன். வீட்டில் ஏதாவது செய்துவிடலாம் என்ற ஆசை அப்போது தீவிரமாக இருந்தது. ஜூலையில் ஒரு வீடியோ பார்த்தேன். ஏழெட்டு பைகளை அடுக்கி, மேலும் கீழும் காகிதம் வைத்து, அயர்ன் பாக்ஸால் தேய்த்தால் தடித்த ஷீட்டாகிவிடும், அதில் பை தைக்கலாம் என்று காட்டினார்கள். அதில் வைத்தது பட்டர் பேப்பர். என்னிடம் அது இல்லை, செய்தித்தாளை வைத்தேன். அயர்ன் பாக்ஸைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்தேன். இந்தப் பைகள் 110 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குள் உருகிவிடும், பருத்திக்கான சூடு 200 டிகிரியை நெருங்கும். அது அப்போது எனக்குத் தெரியாது. அரை நிமிடத்தில் காகிதம் கருகி, ஓரத்தில் வழிந்த பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டிக்கொண்டது. புகை நெடி தொண்டையைக் கமறியது. ஜன்னலைச் சாத்தியிருந்தேன், காகிதம் பறக்கக்கூடாதே என்று. அன்று ராத்திரி முழுக்கத் தலைவலி. பதற்றத்தில் கத்தியால் சுரண்டியதில் அயர்ன் பாக்ஸின் பூச்சு உரிந்து, அது அதோடு போயிற்று. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இளஞ்சூட்டில் மரக்கரண்டியால் தள்ளியிருந்தால் பிழைத்திருக்கும். செய்தே தீருவேன் என்பவர்கள் பட்டர் பேப்பர் வைத்து, குறைந்த சூட்டில், திறந்த மாடியில், ஒரே ஜாதிப் பைகளை மட்டும் வைத்துச் செய்யுங்கள். என்னைக் கேட்டால், குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

அடுத்தது ஆடிப்பட்டம். நர்சரியில் கறுப்புப் பையில் செடி வைப்பதைப் பார்த்து, இருபது கேரி பேக்கில் மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, கீரையும் தக்காளியும் கத்தரியும் போட்டேன். மண், உரம், விதை எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய். கீரை நன்றாகவே வந்தது, இரண்டு முறை கிள்ளினோம். ஐப்பசி பிறப்பதற்குள் பைகள் வெயில் பட்ட பக்கமெல்லாம் வெடித்துவிட்டன. தூக்கினால் கைப்பிடி மட்டும் கையோடு வருகிறது. நர்சரிப் பை கறுப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதில் கரித்தூள் கலந்திருப்பதால் வெயிலை ஓரளவு தாங்கும். வெள்ளை மளிகைப் பைக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. பை போனதுகூடப் பெரிதில்லை. நகம் அளவுக்கு உடைந்த சில்லுகள் மண்ணோடு கலந்ததுதான் எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டு சாயங்காலம் முறத்தில் மண்ணைப் பரப்பிப் பொறுக்கினேன். முழுசாக எடுக்க முடியவில்லை. அந்த மண்ணில் அதற்குப் பிறகு நான் சாப்பிடும் செடி எதுவும் வைக்கவில்லை, அரளிதான் வைத்திருக்கிறேன். செடிக்குப் பையைப் பயன்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது. செம்பருத்தி, மல்லிகைக் குச்சியை நட்டதும் தொட்டியோடு சேர்த்து மேலே ஒரு வெளிர் கவரைக் கவிழ்த்துக் கட்டி நிழலில் வைத்தால், உள்ளே ஈரம் தங்கி வேர் சீக்கிரம் பிடிக்கும். தினமும் ஒருமுறை அவிழ்த்துக் காற்றாட விட வேண்டும். வேர் பிடித்ததும் கவரை எடுத்து மடித்து வைத்துவிடலாம். வெயில் படாததால் அது கெடுவதும் இல்லை.

இப்போது புடவைக் கதை. அக்டோபரில் மழைக்கு முன்னால் பீரோவை ஒழுங்கு பண்ணினேன். மெத்தென்ற ஜவுளிக்கடை கவர்கள் அறுபது எழுபது புதுசு மாதிரி இருந்தன. பூச்சியும் தூசும் அண்டாது என்று பத்துப் பட்டுப்புடவைகளையும் ஆளுக்கொரு கவரில் போட்டு, காற்றுப் புகாமல் செலோ டேப் ஒட்டி, உள்ளே ஒரு அந்துருண்டையும் போட்டு அடுக்கினேன். அன்றைக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. பீரோ நிற்பது வெளிச்சுவரை ஒட்டி. மழைக்காலத்தில் அந்தச் சுவர் தண்ணீர் குடித்துக் குளிர்ந்து கிடக்கும். பத்தில் மூன்று புடவை புரட்டாசியில் ஒரு விசேஷத்துக்குக் கட்டி, நிழலில் உலர்த்தாமல் வியர்வையோடு மடித்தவை.

தை மாதம் அண்ணன் மச்சினியின் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு கவரைப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூசணம். ஈரவாடை. அம்மா எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவையில் ஜரிகை மடிப்போரங்களில் கறுத்துக் கிடந்தது. கவரின் மேல் இருந்த சிவப்பு அச்சு மை எப்படியோ முந்தானையில் இறங்கிப் படிந்திருந்தது. கடைப் பெயரின் இரண்டு எழுத்து தலைகீழாக அப்படியே தெரிந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்ல முடியாது. மறுநாள் காட்டன் புடவை கட்டிக்கொண்டு போய், கேட்டவர்களிடம் பட்டு கனமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

டிரை வாஷுக்கு ஒன்பது புடவை, ஒன்றுக்கு முந்நூறு வீதம் இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். அரக்குப் புடவையைக் கடைக்காரர் வாங்கவே இல்லை, மை இறங்காது, தேய்த்தால் இழை போய்விடும் என்றார். உறையூரில் பழைய வீட்டுக்கு எதிரில் இருந்த நெசவுக்காரப் பெரியவரிடம் பிறகு காட்டினேன். பட்டு மூச்சுவிடும் துணி, அதை பிளாஸ்டிக்கில் அடைக்கவே கூடாது என்றார். அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லை. ஜரிகையில் இருக்கும் வெள்ளி கறுத்துப்போகும். அந்துருண்டையும் ஜரிகைமேல் படக்கூடாதாம். கட்டிய புடவையை நிழலில் ஒரு நாள் உலர்த்தி, பழைய வெள்ளை வேட்டித் துண்டிலோ மல்துணியிலோ சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றிப் போட வேண்டும். உங்கள் பீரோவில் இப்போது ஏதாவது பட்டு, கடையில் கொடுத்த கவரிலேயே இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தக் கவரை எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தச் சாக்குகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாசி மாதம் கரூருக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புடவை உட்பட. அம்மா புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கவரையெல்லாம் இங்க கொண்டு வாடி, சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார். அம்மா ஒரு காலத்தில் வயர் கூடை போட்டு விற்றவர். சிவன் கண் முடிச்சு கண்ணை மூடிக்கொண்டு போடுவார். முதலில் கவரை நறுக்கி வயர் மாதிரித் திரித்துக் கூடைதான் போட்டோம். இரண்டு கிலோ அரிசியை வைத்ததும் அடி தொங்கிவிட்டது. வயருக்கு விறைப்பு உண்டு, கவர் கனம் தாங்காமல் நீண்டுகொண்டே போகும். ஆகவே கூடை வேண்டாம் என்று பின்னல் பாய்க்கு மாறினோம்.

செய்முறையை விவரமாகச் சொல்கிறேன், இத்தனை மாதத்தில் உருப்படியாக வந்தது இதுதான். பையைத் தட்டையாகப் பரப்பி, நீளவாக்கில் நான்காக மடிக்க வேண்டும். மேலே கைப்பிடியையும் கீழே ஒட்டுப்போட்ட அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, நடுப்பகுதியை இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்கே நறுக்கினால், பிரிக்கும்போது வளையம் வளையமாக வரும். ஒரு சராசரிப் பையில் பத்து வளையம் கிடைக்கும். ஒரு ரப்பர் பேண்டை இன்னொரு ரப்பர் பேண்டில் கோப்போமே, அதே மாதிரி வளையத்தோடு வளையத்தைக் கோத்து மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அப்படியே கோத்துக்கொண்டே போய் நூல்கண்டு மாதிரி உருட்டிவைத்துக்கொள்ளலாம். குரோஷே தெரிந்தவர்கள் 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமன் ஊசியில் நேராகப் போடலாம். எங்களுக்குத் தெரியாது, அதனால் மூன்று இழையாக எடுத்துச் சடை பின்னி, அந்தச் சடையை வட்டமாகச் சுருட்டி, கோணி ஊசியில் நைலான் நரம்பு கோத்துத் தைத்தோம். சலசல பைதான் இதற்கு நல்லது. மெத்தென்ற கவர் அதிகம் நீளும், மொறமொற கவர் நறுக்கும்போதே கிழியும். வேறு வேறு ஜாதிப் பைகளை ஒரே சடையில் கலக்காதீர்கள், பாய் கோணிக்கொள்ளும். இரண்டடி வட்டப் பாய்க்கு எழுபது பைகள் ஆயின, பதினோரு நாள் சாயங்காலம். அமெரிக்காவில் வீடில்லாதவர்கள் படுக்க இப்படிப் பாய் பின்னிக்கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன, ஒரு ஆள் படுக்கும் பாய்க்கு 500 முதல் 700 பைகள் வரை ஆகுமாம்.

ஒரு எச்சரிக்கை. முதல் பாயை அண்ணி ஆசையாகக் குளியலறை வாசலில் போட்டார். நான் ஈரக்காலோடு மிதித்ததும் டைல்ஸில் சறுக்கி, முழங்கை சுவரில் இடித்தது. அந்த இடத்தில் வாக்கர் வைத்து நடக்கும் அம்மா மிதித்திருந்தால் என்ற நினைப்பே வயிற்றைக் கலக்கியது. வழவழ தரையில் இதைப் போடவே போடாதீர்கள். மொட்டை மாடித் திண்ணை, துவைக்கிற கல் பக்கம், வடாம் பிழியும்போது உட்கார, பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போது விரிக்க, இதற்கெல்லாம் பிரமாதம். வெயிலிலேயே போட்டுவைக்காமல் வேலை முடிந்ததும் நிழலுக்கு எடுத்துவிட வேண்டும். அடுப்பு, விளக்குப் பக்கம் ஆகவே ஆகாது.

மற்றபடி சின்னச் சின்ன உபயோகங்கள் நிறைய இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் அடிக்கும்போது நடுவில் நிறுத்தினால் பிரஷைக் கவரில் இறுக்கிச் சுற்றிவைத்தால் மறுநாள்கூடக் காயாது. எங்கள் உப்புத்தண்ணீரில் அடைத்துப்போன ஷவருக்கு ஒரு கவரில் வினிகர் ஊற்றி, ஷவர் மூழ்கும்படி கட்டி இரண்டு மணி நேரம் விட்டேன், துவாரமெல்லாம் திறந்துகொண்டது. கைப்பை, தோல் செருப்புக்குள் திணித்துவைத்தால் வடிவம் கெடாது. ஊருக்குப் போனால் ஈரத்துணிக்கு ஒன்று. கொத்துமல்லியைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் கவர் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வாடாது, ஆனால் வெங்காயம், உருளைக்கிழங்கைக் கவரில் கட்டிவைத்தால் அழுகிவிடும். கறுப்புக் கவரும் கலர் கவரும் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை, அவற்றில் சாப்பாட்டுச் சாமான் எதையும் வைக்காதீர்கள். சூடான சாம்பாரை எந்தக் கவரிலும் ஊற்றாதீர்கள். சமையலறைக் கழிவை கவரில் கட்டித் தெருத்தொட்டியில் போடும் வழக்கத்தை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். மாடு அந்த முடிச்சை அவிழ்த்துத் தின்னாது, கவரோடு விழுங்கும்.

கடைசியில் நான்கு கிலோ நொறுங்கியதும் கிழிந்ததும் மிஞ்சியது. அதை உலர் குப்பையாகத் தனியாகக் கட்டி மாநகராட்சி வண்டியில் கொடுத்தேன். விற்க முடியாத இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள் என்று வண்டிக்காரப் பெண் சொன்னார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், நறுக்கிய கவர்களைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார்ச்சாலையும் போடுகிறார்கள். அதற்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அண்ணன் சொன்ன குப்பை வண்டிக்கே கடைசியில் கொடுத்திருக்கிறேன், ஆனால் அழுக்கில்லாமல், ஈரமில்லாமல், பிரித்து.

போன வாரம் அம்மா நான்காவது பாயைப் பின்னிக்கொண்டிருந்தார். இழை ஒவ்வொன்றும் கையில் வரும்போது நின்று பார்க்கிறார். "இந்த மஞ்சள், உன் வளைகாப்புக்கு வளையல் வாங்கின கடை. இந்தப் பச்சை உங்கப்பாவுக்கு மாத்திரை வாங்கினது" என்று சொல்லிக்கொண்டே சடையை இறுக்கினார். அரக்குப் புடவையிலிருந்து மை படாத பகுதியை வெட்டி, எனக்கு இரண்டு ரவிக்கைத் துண்டு எடுத்துவைத்திருக்கிறார். நான் கிளம்பும்போது வாசல்வரை வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, "அடுத்த தடவை வர்றப்போ நீலக் கவர் இருக்கான்னு பாரு, இதுக்கு ஓரம் கட்டணும்" என்றார்.